கண் வெள்ளை

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வாடகைப் பத்திரத்தில் மட்டும் இருந்தது. தெருவில் எல்லாருக்கும் அவன் கலர். கலர் கடை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். நான் அந்தக் கடையில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஆல்பம் ஒட்டுகிறவன். அவன் நிறம் பார்ப்பான், நான் ஒட்டுவேன், எட்டு வருஷமாக அப்படித்தான். இந்தக் கதையை இப்போது சொல்ல வந்திருக்கிறேனே என்று என்னை யாரும் நல்லவனாக நினைத்துவிட வேண்டாம். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவன் நான்.

கடை என்பது இரும்பு ஷட்டர் போட்ட ஒரு முன்னறை. பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஓர் அறையும் சமையல்கட்டும். அங்கேதான் அவனும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். வீட்டுக்காரர் ஓசியில் கிடைத்தால் பினாயிலும் குடிக்கிற ஆள். வேறெங்கோ மிஞ்சிப்போன பெயிண்டைக் கொண்டுவந்து சுவர் பூராவும் பளீரென்று மஞ்சளாக அடித்துவைத்திருந்தார். கம்ப்யூட்டர் இருந்த மூலைக்கு மட்டும் கலர் தன் கைக்காசில் சாம்பல் பூசிக்கொண்டான். வேலை செய்யும்போது சாம்பல் சட்டைதான் போடுவான். சட்டையின் நிறம் திரையில் அடித்தால் கண் ஏமாறும் என்பான். திரையைச் சுற்றி நான் வெட்டிக்கொடுத்த கறுப்பு அட்டையில் ஒரு மறைப்பு. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அரைமணி நேரம் அதைத் தொடமாட்டான். "திரை சூடாகட்டும்ணே" என்று டீ குடிக்கப் போய்விடுவான்.

தொழிலில் அவனிடம் ஒரு குறை சொல்ல முடியாது. கல்யாணப் பெண்ணின் அம்மா யாராவது வந்து நிற்பாள்.

"தம்பி, என் பொண்ண கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுங்க."

"வெள்ளையடிக்கிறவன் அடுத்த தெருவுல இருக்கான்மா. நான் இருக்கிறத இருக்கிறபடி குடுக்கிறவன்."

கோபித்துக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்ற கடைக்காரர்கள் கொடுத்த படத்தில் மாப்பிள்ளை பிணம் மாதிரி நீலம் பாய்ந்தோ, பட்டுச்சேலை செங்கல் நிறத்திலோ இருக்கும். இவனிடம் வந்தால் சேலை சேலையாக இருக்கும், மனுஷன் மனுஷனாக இருப்பான்.

அதற்கு ஒரு முறை உண்டு. படம் எடுக்கிற இடத்தில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து முதலில் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் அந்த அட்டைமேல் ஒரு கிளிக். எந்த விளக்கில் எடுத்திருந்தாலும் நிறங்களெல்லாம் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். அட்டை இல்லாத படமென்றால், படத்துக்குள் எது உண்மையிலேயே வெள்ளையோ அதைக் காட்ட வேண்டும். இவன் முகத்தைப் பெரிதாக்கி, கருவிழிக்குப் பக்கத்தில் இருக்கிற வெள்ளையில் கிளிக் செய்வான்.

"துணி பொய் சொல்லும், செவுரு பொய் சொல்லும். கண்ணு வெள்ளை பொய் சொல்லாதுண்ணே."

ஆயிரம் முகத்தில் அது பலித்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கும் அது வேதவாக்காகிவிட்டது.

ஏழு வருஷம் காத்திருந்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு அடிபிடி. இரண்டாம் நாளே தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் ஒருதரம் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னார்கள். நாலாம் நாள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பகல் பத்து மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரண்ட் போதாமல் பல்பு அழுது வடிந்தது. ஈரத்தில் பசை காயாமல் ஆல்பத் தாளெல்லாம் அப்பளமாக நெளிந்தது. நான் ஒவ்வொரு தாளாக இஸ்திரிப்பெட்டி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி குழந்தையோடு தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தாள். கலரின் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். தலை கலைந்து, கண் உள்ளே போய், பிள்ளை பெற்ற சோர்வு அப்படியே இருந்தது.

"என்னங்க, பாப்பா மஞ்சளா இருக்கிற மாதிரி இல்ல?"

"செவுரப் பாரு, மஞ்சள். பல்பப் பாரு, மஞ்சள். பாப்பா மட்டும் பச்சையாவா இருக்கும்?"

"விளையாடாதீங்க. பால் குடிக்கிறப்பவே தூங்கிடுறா. எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேங்கிறா."

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். நாலு நாளா நீ தூங்கல, அதான் உனக்கு அப்படித் தெரியுது."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்து அவள் அக்காவைக் கூப்பிட்டாள். நாங்கள் அவளை நர்ஸ் அக்கா என்போம். ஒரு ராத்திரி பஸ் பயணத் தூரத்தில் இருக்கிற பெரிய ஊரில் குழந்தைகள் வார்டில் இருபது வருஷமாக நர்ஸ். தாய் இல்லாத வீட்டில் தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இவளைக் கரையேற்றிவிட்டுத்தான் தன் கல்யாணத்தைப் பற்றியே நினைத்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. போனைத் தங்கச்சி சத்தமாக வைத்ததால் பேச்செல்லாம் எங்களுக்கும் கேட்டது.

"கண்ணப் பாருடி. கண்ணுல மஞ்சள் இருக்கா?"

"இங்க எல்லாமே மஞ்சளா இருக்குக்கா. எனக்கு ஒண்ணும் புரியல."

"ஜன்னல்கிட்ட கொண்டுபோ."

"திறந்தா சாரல் அடிக்குது. வெளியிலயும் இருட்டிக் கிடக்கு."

"மூக்கு நுனிய விரலால லேசா அமுக்கி எடு. எப்படித் தெரியுது?"

"மஞ்சளாத்தான் தெரியுது. ஆனா என் நகமும் மஞ்சளாத்தான் தெரியுது."



"சரி, தம்பிகிட்ட சொல்லு. நிறத்துல புலியாச்சே அவரு. நல்லா ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லு. கண்ணு திறந்து இருக்கணும். நான் பார்த்துட்டு சொல்றேன்."

கலர் உடனே எழுந்தான். இப்படி ஒரு வேலையைத் தன்னை நம்பிக் கொடுத்ததில் அவனுக்குப் பெருமைதான். சாம்பல் அட்டை போன வாரம் பைக்குள் நனைந்து ஊறிக் கறை படிந்து கிடந்தது. நான் வேறொன்று வெட்டித் தரவா என்று கேட்டேன். கடை அட்டையில் என்ன சாயம் கலந்திருப்பார்களோ, வேண்டாம் என்றான். குழந்தையை ஒரு வெள்ளைத் துண்டில் கிடத்தி, கண் திறக்கும் வரை காத்திருந்து நாற்பது படம் எடுத்தான். ஒன்றே ஒன்றில் கண் நன்றாகத் திறந்திருந்தது.

படம் திரையில் வந்தது. குழந்தை மஞ்சள், துண்டு மஞ்சள், பின்னால் இருந்த சுவர் கேட்கவே வேண்டாம். தங்கச்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"இப்படியேவா அனுப்பப் போறீங்க? அக்கா அங்க வார்டுல எல்லார்கிட்டயும் காட்டுவா. சரி பண்ணுங்க."

"பின்ன? சரி பண்ணாம ஒரு படம் இந்தக் கடைய விட்டு வெளியில போயிருக்கா?"

முகத்தைப் பெரிதாக்கினான். கண் திரை முழுக்க வந்தது. கருவிழிக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கிளிக்.

குழந்தை அப்படியே ரோஜா நிறத்துக்கு வந்தது. கன்னம், உதடு, குட்டி விரல் எல்லாம் இப்போதுதான் குளிப்பாட்டி எடுத்த மாதிரி. தங்கச்சி "அம்மாடி" என்று மூச்சு விட்டாள். நாலு நாளில் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான். திரையில் இருந்த குழந்தையைப் பார்த்தாளே தவிர, தோளில் கிடந்த குழந்தையை அப்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"பார்த்தியா? எல்லாம் பல்பு பண்ற வேலை" என்றான் கலர்.

"துண்டு ஏங்க நீலமா இருக்கு?"

ஆமாம், துண்டு நீலமாகத்தான் இருந்தது. கலர் கை நின்றது. அவன் அப்படி நின்று யோசித்தால் நிச்சயம் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டான். எட்டு வருஷத்தில் விட்டதில்லை. அந்த நேரம் பார்த்து, இஸ்திரிப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே நான் சொன்னேன்.

"ஆஸ்பத்திரித் துண்டுதானே? சொட்டு நீலத்த அள்ளிக் கொட்டியிருப்பானுங்க."

"அதான் பார்த்தேன்" என்றான். துண்டை மட்டும் சுற்றி வளைத்துத் தேர்ந்தெடுத்து அதிலிருந்த நீலத்தை உறிஞ்சி எடுத்தான். இரண்டு நிமிஷ வேலை. துண்டும் வெள்ளை, கண்ணும் வெள்ளை, குழந்தையும் ரோஜா. எந்தக் குற்றமும் சொல்ல முடியாத படம். அனுப்பிவிட்டான்.

பத்து நிமிஷத்தில் நர்ஸ் அக்கா பேசினாள்.

"ஏண்டி பைத்தியம், நல்லாத்தானேடி இருக்கா. கண்ணெல்லாம் பளிச்சுனு இருக்கு. என் உசிரையே கையில பிடிச்சு வச்சிருந்தேன். பால மட்டும் அடிக்கடி குடு. மழை விட்டதும் ஒருதரம் ஆஸ்பத்திரியில காட்டிட்டு வா."

மழை விடவில்லை. ஐந்தாம் நாள் குழந்தை நாள் பூராவும் தூங்கியது. சமத்துப் பிள்ளை என்றோம்.

ஆறாம் நாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே உள்ளேயிருந்து ஒரு சத்தம். எண்ணெய் போடாத கதவு கீச்சிடுகிற மாதிரி இருந்தது. குழந்தை அழுகை என்று தெரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. போய்ப் பார்த்தால் தங்கச்சி மடியில் அது முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, தலை பின்னால் தொங்க விறைத்துக் கிடந்தது. நான் குடை பிடிக்க, அவன் குழந்தையைத் தூக்கிக்கொள்ள, பிள்ளை பெற்ற உடம்போடு தங்கச்சி தண்ணீரில் தடுமாறி நடந்து வந்தாள். மெயின் ரோடு போய்த்தான் வண்டி கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு. டாக்டரம்மா துணியை விலக்கினாள். நெற்றியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் குழந்தை பழுத்த எலுமிச்சம்பழமாக இருந்தது.

"வீட்டுல ஒருத்தருக்குமே கண்ணு இல்லையா?" என்று அந்த அம்மா கத்தினாள். "நாலாம் நாளே கொண்டுவரச் சொன்னாங்களே, யாரு வேண்டாம்னு சொன்னது?"

"எங்கக்கா நர்ஸும்மா" என்று தங்கச்சி அழுதாள். "படத்தைப் பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொன்னா. அவ சொன்னதாலதான் மழையில தூக்கிட்டு வரல."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் கலரைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

ரத்தத்தை மாற்றினார்கள். கண்ணைத் துணியால் கட்டி நீல விளக்குக்கு அடியில் போட்டார்கள். பத்து நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னாள்.

"உயிருக்கு இனிமே பயமில்ல. ஆனா மஞ்சள் மூளை வரைக்கும் ஏறியிருக்கு. காது கேக்குமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது. ஒரு மாசம் போகட்டும், டெஸ்ட் வச்சுப் பார்ப்போம்."

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், கலர் அந்தப் பழைய படத்தைத் திறந்தான். திருத்தம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இந்தத் தடவை துண்டின்மேல் கிளிக் செய்தான். துண்டு வெள்ளையாயிற்று. சுவர் அச்சு அசல் எங்கள் கடைச் சுவராயிற்று. குழந்தை மட்டும் மஞ்சளாகவே இருந்தது. கண்ணைப் பெரிதாக்கினான். கருவிழியைச் சுற்றி முட்டையின் மஞ்சள் கருவைப் பூசின மாதிரி இருந்தது. அந்த மஞ்சளைத்தான் வெள்ளை என்று நினைத்துக் கிளிக் செய்திருக்கிறான். அதை வெள்ளையாக்கப் போய்க் குழந்தையின் உடம்பு முழுக்க இருந்த நோயைத் துடைத்துவிட்டிருக்கிறான். வெள்ளைத் துண்டு நீலமானதும் அதனால்தான்.

"அண்ணே, நான் வேணும்னு பண்ணலையே."

"இல்லப்பா."

"இது தெரிஞ்சா அவ என்கூட இருக்க மாட்டாண்ணே."

நான் மேஜையில் காய்ந்துகிடந்த பசையைச் சுரண்டினேன்.

"அக்கா தங்கச்சிக்குள்ள நாலு நாள் சண்டை வரும், அப்புறம் ஒண்ணா சேர்ந்துக்குவாங்க. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்தவன் தலையில் ஏற்றுகிற மூட்டைக்கு எப்போதுமே கனம் கிடையாது. அதோடு, சொட்டு நீலம் என்று சொன்ன வாய் என் வாய். அவன் நாற்பது படத்தையும் அழித்தான். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தான். நான் பசைக் கிண்ணத்தைக் கழுவ எழுந்து போனேன்.

நாலு நாளில் சேர்ந்துகொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் நர்ஸ் அக்கா போன் பண்ணுவாள். தங்கச்சி எடுத்து, அவளைப் பேசவிடாமல் பேசுவாள்.

"இருபது வருஷம் வார்டுல என்னத்தப் பார்த்த நீ? என் பிள்ளை விஷயத்துல மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"என்னாலயும் நம்ப முடியலடி. அந்தப் படத்துல..."

"பெத்திருந்தாத்தானே உனக்குத் தெரியும்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்துகொண்டிருந்தோம். அந்த வார்த்தைக்குப் பிறகு ஒரு வாரம் போன் வரவில்லை. வராதது கலருக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்.

அந்த ஒரு மாதம் அந்த வீட்டில் யாரும் கை தட்டவில்லை. குழந்தையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தட்டு கீழே விழுந்தால் தங்கச்சி குழந்தையைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பாள். டெஸ்ட் வரைக்கும் தெரியாமல் இருந்தால் போதும் என்று மூன்று பேருமே பூனை நடை நடந்தோம்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் நல்ல வெயில். நான் காயப்போட்ட தாளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். தங்கச்சி என் மேஜை ஓரத்தில் துணி விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு, பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்த உடம்போடு நர்ஸ் அக்கா வாசலில் நின்றாள். ஒரு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. குழந்தையைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"தொடாதே" என்றாள் தங்கச்சி.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். பையிலிருந்து போனை எடுத்துக் கலர் முன்னால் நீட்டினாள்.

"தம்பி, நீங்க அனுப்பின படம் இது. தினமும் பார்க்கிறேன். கண்ணு வெள்ளை வெளேர்னு இருக்கு. ரத்தத்துல அவ்வளவு மஞ்சள் ஏறியிருக்கு, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கண்ணு இப்படி இருக்கவே இருக்காது. இருபது வருஷத்துல நான் பார்த்ததில்ல."

"நான் என்னக்கா பண்றது?"

"படத்துல ஏதாவது பண்ணீங்களா? பண்ணியிருந்தா சொல்லிடுங்க. சத்தியமா திட்ட மாட்டேன். நீங்களும் நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பீங்க. எனக்குத் தெரிஞ்சா போதும் தம்பி. வார்டுல இப்ப எந்தக் குழந்தையப் பார்த்தாலும் ரெண்டு மூணு தரம் ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போறேன். மஞ்சள் இருக்கா இல்லையான்னு என் கண்ண என்னாலயே நம்ப முடியல. வேலைய எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

கலர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். கடவுளே, சொல்லித் தொலைக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

"எடுத்தபடியேதான் அனுப்பினேன்" என்றான்.

அக்கா தங்கையிடம் திரும்பினாள். "நீ பக்கத்துலதானேடி இருந்த? நீ சொல்லு."

தங்கச்சி கையில் பாட்டில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். துண்டு அவளுக்கு ஞாபகம் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சரி பண்ணுங்க என்று தானே சொன்னதும் கூடவே வந்திருக்கும். முகம் வெளுத்து, பிறகு கல்லாகிவிட்டது.

"ஆமா. எடுத்தபடியேதான். பண்ணினத பண்ணிட்டு இப்ப பழிய எங்க மேல போட வந்தியா?"

கடைசியாக அக்கா என்னிடம் வந்தாள். என்னை அவள் அண்ணே என்று கூப்பிடுவது வழக்கம்.

"அண்ணே, நீங்களும் இங்கதானே இருந்தீங்க?"

"நான் ஆல்பம் ஒட்டிட்டு இருந்தேம்மா. கவனிக்கல."

அவள் தலையை ஆட்டினாள். எங்கள் மூன்று பேரையும் நம்பிவிட்டாள். போனைப் பைக்குள் போட்டு, "அப்போ என் கண்ணுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படி இறங்கினாள். வெயிலில் பத்தடிகூடப் போயிருக்கமாட்டாள். தங்கச்சி போய் ஷட்டர் கைப்பிடியைப் பிடித்து முழு பலத்தோடு கீழே இழுத்து அடித்தாள்.

இடி விழுந்த மாதிரி இருந்தது. என் கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது. கலர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். மேஜைமேல் குழந்தை கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை. மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் இந்தத் தடவை வேறு பக்கம் திரும்ப மறந்துபோனோம்.

தங்கச்சி ஷட்டரை இடுப்பளவு தூக்கினாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் அடித்தாள். மறுபடியும் தூக்கினாள், மறுபடியும் அடித்தாள். ஷட்டர் மேலே போன ஒவ்வொரு தடவையும் கீழே தெரு தெரிந்தது. தன்னைத்தான் விரட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நர்ஸ் அக்கா ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டு, இன்னும் வேகமாக நடந்தாள்.